ஜூஜூவாடி தாண்டினால் கணக்கே வேறு! ஓசூர், கிருஷ்ணகிரி ஓட்டின் அதிசயங்கள் தெரியுமா?

எம்.ஜி.ஆர். என்ற பெயரைச் சொன்னாலே ஓட்டு விழுந்த காலம் அது. 1977, 1980, 1984 என்று மூன்று சட்டமன்றத் தேர்தல்களிலும் தமிழ்நாடே அவர் பின்னால் போனது. அந்த மூன்று முறையும் ஓசூர் தொகுதி யாரை ஜெயிக்க வைத்தது தெரியுமா? காங்கிரஸை! சரி, 1989-ல் 13 வருட வனவாசம் முடிந்து கலைஞர் கோட்டைக்குத் திரும்பினாரே, அப்போது? அப்போதும் காங்கிரஸ்தான்! 1991, 2001, 2006, 2011... எல்லாமே கை சின்னம்தான். நடுவில் 1996-ல் மட்டும் ஓசூர் கட்சி மாறியது. அப்போதாவது கழகங்களில் ஒன்றுக்குப் போனதா? இல்லை, ஜனதா தளத்துக்கு!

1977 முதல் 2011 வரை ஒன்பது தேர்தல்கள். ஒன்றில்கூட உதயசூரியனோ இரட்டை இலையோ இந்தத் தொகுதியில் ஜெயிக்கவில்லை. 2016-ல்தான் இரட்டை இலை துளிர்த்தது. 2019 இடைத்தேர்தலில் உதயசூரியன். அந்த இடைத்தேர்தலில் வென்ற எஸ்.ஏ.சத்யாதான் 2022-ல் ஓசூர் மாநகராட்சியின் முதல் மேயர்!

இதற்குக் கட்சிக்காரர்களிடம் ஒரு விளக்கம் தயாராக இருக்கும். கூட்டணியில் அந்த இடத்தைக் காங்கிரஸுக்கு விட்டுக்கொடுத்தோம், எங்கள் ஓட்டில்தான் அவர்கள் ஜெயித்தார்கள் என்பார்கள். பாதி உண்மைதான். 1980-ல் காங்கிரஸ் தி.மு.க.வோடு இருந்தது, 1984-லும் 1991-லும் அ.தி.மு.க.வோடு இருந்தது, 2006-லும் 2011-லும் மறுபடி தி.மு.க. பக்கம். ஆனால் 1977-லும் 1989-லும் காங்கிரஸ் இரண்டு கழகங்களையும் எதிர்த்தே நின்றது. அப்போதும் ஓசூரில் ஜெயித்தது! அந்த இரண்டு வருடங்களுக்கு எந்தக் கூட்டணிக் கணக்கைச் சொல்வார்கள்?

அமெரிக்காவில் தேர்தல் முடிந்த மறுநாளே இரண்டு கட்சி ஆதரவாளர்களும் தொலைக்காட்சியில் உட்கார்ந்து, இந்த முடிவுக்கு இதுதான் பொருள் என்று அடித்துச் சொல்வதைப் பார்த்திருப்பீர்கள். இங்கேயும் அதே கதைதான். ஒரே எண்ணுக்கு நாலு கட்சியும் நாலு பொருள் சொல்லும். ஆனால் கர்நாடகமும் ஆந்திரமும் ஒட்டி நிற்கும் இந்த மூலையில் எந்தக் கட்சியின் விளக்கமும் முழுசாகப் பொருந்தியதே கிடையாது. அதுதான் அதிசயம்!

அந்த 1996-ஐ இன்னும் கொஞ்சம் கிட்டப்போய்ப் பாருங்கள். தி.மு.க.வும் மூப்பனாரின் த.மா.கா.வும் கைகோத்து மாநிலத்தையே வாரிச் சுருட்டிய தேர்தல் அது. ஆளுங்கட்சியான அ.தி.மு.க. மொத்தமே நான்கு இடங்களுக்குச் சுருங்கியது. வைகோவின் ம.தி.மு.க.வுக்கு அதுதான் முதல் சட்டமன்றத் தேர்தல். ஒரு இடம்கூடக் கிடைக்கவில்லை. ஆனால் அவர் அணியில் இருந்த ஜனதா தளத்துக்குத் தமிழ்நாட்டில் ஒரே ஒரு இடம் கிடைத்தது. அதுதான் ஓசூர்! அப்போது எல்லைக்கு அந்தப்பக்கம் கர்நாடகத்தில் ஜனதா தள ஆட்சி, முதல்வர் தேவகவுடா. அடுத்த சில வாரங்களிலேயே அவர் பிரதமர் ஆகிவிட்டார். கர்நாடகப் பக்கத்து அத்திப்பள்ளியில் அடித்த காற்று தமிழ்நாட்டுப் பக்கத்து ஜூஜூவாடி சோதனைச்சாவடியில் நின்றுவிடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

அதே தேர்தலில், இன்று ஓசூரோடு ஒரே மாவட்டத்தில் இருக்கும் பர்கூரில் என்ன நடந்தது தெரியுமா? பதவியில் இருந்த முதலமைச்சரே தோற்றுப்போனார்! 1991-ல் ஜெயலலிதா பர்கூரிலும் காங்கேயத்திலும் நின்று இரண்டிலும் ஜெயித்தார். காங்கேயத்தை விட்டுவிட்டுப் பர்கூரை வைத்துக்கொண்டார். அதாவது, அவர் முதன்முதலாக முதலமைச்சர் ஆனபோது பர்கூரின் எம்.எல்.ஏ.! அந்த முறை அவரை எதிர்த்து நின்றவர் யார் தெரியுமா? டி.ராஜேந்தர்! ஐந்தே வருடத்தில் அதே பர்கூர் தி.மு.க.வின் இ.ஜி.சுகவனத்தைத் தேர்ந்தெடுத்தது. வித்தியாசம் 8,366 ஓட்டு. சுகவனம் பிறகு 2004-லும் 2009-லும் கிருஷ்ணகிரியின் எம்.பி.யாக டெல்லிக்கும் போனார்.

இதோடு முடியவில்லை. 2001-ல் ஜெயலலிதா நான்கு தொகுதிகளில் மனு போட்டார். ஆண்டிப்பட்டி, புவனகிரி, புதுக்கோட்டை, நான்காவது கிருஷ்ணகிரி! நான்கும் தள்ளுபடி. எந்தத் தொகுதியிலும் நிற்காமலே மே 14-ம் தேதி முதலமைச்சராகப் பதவியேற்றார். செப்டம்பர் 21-ல் உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. அதன்பிறகுதான் ஓ.பன்னீர்செல்வம் என்ற பெயரைத் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்துகொண்டது.

தேர்தலில் ஜெயிக்காமலே முதலமைச்சர் ஆவதற்கும் இந்த மண்ணுக்கும் இன்னொரு பழைய உறவு உண்டு! ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் 1878 டிசம்பர் 10-ல் பிறந்தவர் ராஜாஜி. சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத்தேர்தலில் சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரஸுக்குக் கிடைத்தது 152. பெரும்பான்மை இல்லை. மக்கள் சொன்னது என்ன? காங்கிரஸ் வேண்டாம் என்றா, காங்கிரஸ் தனியாக வேண்டாம் என்றா? அன்றைக்கே இரண்டு பொருளும் சொல்லப்பட்டன. ஆளுநர் ராஜாஜியை மேலவைக்கு நியமித்தார். அவர் 1952-ல் முதலமைச்சரானார். அந்தத் தேர்தலில் அவர் வேட்பாளரே இல்லை!

அமெரிக்கா என்றதும் ராஜாஜியின் இன்னொரு கதையையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1962 செப்டம்பரில், 83 வயதில், அணுகுண்டுச் சோதனையை நிறுத்தச் சொல்லி வெள்ளை மாளிகைக்கே போய் ஜான் கென்னடியைப் பார்த்தார் அவர்! காந்தி அமைதி அறக்கட்டளை அனுப்பிய குழுவுக்கு அவர்தான் தலைவர். அந்தக் கென்னடி 1960-ல் எவ்வளவு ஓட்டில் நிக்சனை முந்தினார் தெரியுமா? கிட்டத்தட்ட 6 கோடியே 88 லட்சம் பேர் ஓட்டுப் போட்ட தேர்தலில், நாடு முழுக்கக் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் சுமார் 1 லட்சத்து 13 ஆயிரம்! 2024-ல் கிருஷ்ணகிரி நாடாளுமன்றத் தொகுதியில் காங்கிரஸின் கே.கோபிநாத் வாங்கிய வித்தியாசம் 1,92,486. ஒரு அமெரிக்க அதிபரின் நாடு தழுவிய முன்னிலையைவிட நம்ம கிருஷ்ணகிரி எம்.பி.யின் முன்னிலை பெரிது!

தொரப்பள்ளியில் இருந்து தெற்கே போனால் தளி. குளிருக்காக லிட்டில் இங்கிலாந்து என்று பெயர் வாங்கிய ஊர். அந்தத் தொகுதியின் வரிசையை மட்டும் ஒரு தடவை மூச்சுவிடாமல் படியுங்கள். 2001-ல் பா.ஜ.க.வின் கே.வி.முரளிதரன். 2006-ல் சுயேச்சையாக டி.ராமச்சந்திரன். 2011-ல் அதே ராமச்சந்திரன், ஆனால் இந்திய கம்யூனிஸ்ட் கட்சியில்! 2016-ல் தி.மு.க. 2021-ல் மறுபடி கம்யூனிஸ்ட், அதுவும் பா.ஜ.க. வேட்பாளரை வீழ்த்தி! காவியில் தொடங்கிச் சிவப்பு வரைக்கும் இருபதே வருடத்தில் எல்லாம் பார்த்துவிட்டது ஒரே தொகுதி. 2001-ல் பா.ஜ.க.வுக்குத் தமிழ்நாட்டில் கிடைத்ததே நான்கு எம்.எல்.ஏ.க்கள், அதில் ஒருவர் தளிக்காரர். அப்போது தி.மு.க.வும் பா.ஜ.க.வும் ஒரே கூட்டணியில் இருந்தன என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் பாதிக் கதைதான் கிடைக்கும்.

2021-ல் இந்த மாவட்டத்தின் ஆறு தொகுதிகளும் எப்படிப் பிரிந்தன? ஊத்தங்கரை, கிருஷ்ணகிரி, வேப்பனஹள்ளி மூன்றும் அ.தி.மு.க.வுக்கு. பர்கூர், ஓசூர் தி.மு.க.வுக்கு, தளி அதன் தோழமைக் கட்சியான கம்யூனிஸ்டுக்கு. மூன்றுக்கு மூன்று! மாநிலம் ஆட்சியை மாற்றியது, மாவட்டம் பாதிக்குப் பாதி நின்றது. அதிலும் கிருஷ்ணகிரி நகரத் தொகுதியில் அ.தி.மு.க.வின் கே.அசோக்குமார் தி.மு.க.வின் செங்குட்டுவனை எவ்வளவு ஓட்டில் முந்தினார் தெரியுமா? 794! இருவருமே 95 ஆயிரத்துக்கு மேல் வாங்கியிருந்தார்கள்.

இதே மாதிரி ஒரு மயிரிழை அமெரிக்காவையே உலுக்கியது. 2000-ம் ஆண்டு புளோரிடா மாநிலத்தில் ஜார்ஜ் புஷ்ஷுக்கும் அல் கோருக்கும் நடுவே இருந்தது வெறும் 537 ஓட்டு. கிட்டத்தட்ட 60 லட்சம் பேர் வாக்களித்த மாநிலத்தில்! நாடு முழுக்க அல் கோர்தான் அதிக ஓட்டு வாங்கியிருந்தார். ஆனால் புளோரிடா யாருக்கோ அவருக்குத்தான் நாற்காலி. ஒரு மாதத்துக்கு மேல் இழுத்து, டிசம்பர் 12-ல் அவர்களுடைய உச்ச நீதிமன்றம் மறு எண்ணிக்கையை நிறுத்திய பிறகுதான் யார் அதிபர் என்றே தெரிந்தது. புளோரிடாவில் ரால்ஃப் நேடர் என்ற மூன்றாவது வேட்பாளர் 97 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார். ஓட்டைப் பிரித்துவிட்டார் என்று அல் கோர் ஆதரவாளர்கள் இன்றைக்கும் அவரைத்தான் கைநீட்டுகிறார்கள்.

ஓட்டைப் பிரித்துவிட்டார்கள்! கேட்ட குரலாக இருக்கிறதா? 2024 கிருஷ்ணகிரிக் கணக்கு அப்படியே இந்தப் பேச்சுக்கு வழி திறந்தது. கோபிநாத் வாங்கியது 4,92,883. அ.தி.மு.க.வின் ஜெயப்பிரகாஷ் 3,00,397. பா.ஜ.க.வின் நரசிம்மன் 2,14,125. நாம் தமிழர் கட்சியில் நின்ற, வீரப்பனின் மகள் வித்யா ராணி ஒரு லட்சத்து 7 ஆயிரம். இப்போது இரண்டாவதையும் மூன்றாவதையும் கூட்டிப் பாருங்கள்: 5,14,522. ஜெயித்தவரைவிட அதிகம்! அன்று சாயங்காலமே அ.தி.மு.க. ஆதரவாளரும் பா.ஜ.க. ஆதரவாளரும் ஒருவரை ஒருவர் குற்றம் சொல்ல இந்த ஒரு கூட்டல் போதும். காங்கிரஸ்காரர் கண்ணுக்கு இரண்டு லட்சத்தைத் தொடும் வித்தியாசம் மட்டும் தெரியும். பதிவான ஓட்டில் பாதிகூடத் தனக்கு வரவில்லை என்பதை அவர் பேசமாட்டார். நாம் தமிழர் தம்பிகளுக்குத் தனித்து நின்றே லட்சம் தாண்டியதுதான் செய்தி.

எனக்கு இதில் ஒரு கோபம் உண்டு, அதை மறைக்க விருப்பமில்லை. இரட்டை இலைக்குப் போட்டவர் தாமரைக்குப் போட மனமில்லாமல்தான் இலைக்குப் போட்டிருக்கலாம். தாமரைக்குப் போட்டவருக்கு இலையின் மேல் வெறுப்பு இருந்திருக்கலாம். இரண்டையும் கூட்டுகிறவர் அந்த இரண்டு மனிதர்களையும் கேட்கவே இல்லை. நேடருக்குப் போட்டவர்கள் எல்லாரும் அல் கோருக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று எண்ணுவதும் அதே தப்புதான். ஓட்டு போட்டவருடையது. அதைக் கட்சி அலுவலகத்தில் உட்கார்ந்து மறுபடி பங்கு பிரிக்க யாருக்கும் உரிமை இல்லை.

மொழிதான் இங்கே ஓட்டைத் தீர்மானிக்கிறது என்று சொல்கிறவர்களுக்கும் 2024 ஒரு வேலை வைத்தது. ஏப்ரல் 19-ல் ஓசூர் ஓட்டுப் போட்டது. ஒரு வாரம் கழித்து ஏப்ரல் 26-ல், எல்லைக்கு அந்தப்பக்கம் இருக்கும் ஆனேக்கல் ஓட்டுப் போட்டது. ஆனேக்கல் அடங்கிய பெங்களூரு ஊரகத் தொகுதியில் என்ன நடந்தது தெரியுமா? இதய மருத்துவர் மஞ்சுநாத் பா.ஜ.க. சின்னத்தில் நின்று, காங்கிரஸின் டி.கே.சுரேஷை இரண்டரை லட்சத்துக்கும் மேலான வித்தியாசத்தில் சாய்த்தார்! இந்தப்பக்கம் காங்கிரஸ் ஏறக்குறைய இரண்டு லட்சத்தில் ஜெயிக்கிறது, அந்தப்பக்கம் காங்கிரஸ் இரண்டரை லட்சத்தில் தோற்கிறது. நடுவில் ஒரே சாலை, ஒரே போக்குவரத்து நெரிசல், இரண்டு பக்கமும் கன்னடம் தெலுங்கு தமிழ் மூன்றும் புழங்கும் வீடுகள்!

மூன்றாவது மாநிலத்தையும் பார்த்துவிடுவோம். கிருஷ்ணகிரி மாவட்டத்தை ஒட்டிய ஆந்திரத் தொகுதி எது தெரியுமா? குப்பம்! 1989-ல் இருந்து சந்திரபாபு நாயுடுவை ஒரு தடவைகூடக் கைவிடாமல் எட்டு முறை அனுப்பிய குப்பம். அவர்கள் மே 13-ல் ஓட்டுப் போட்டார்கள், தெலுங்கு தேசம் ஜெயித்தது, அந்தக் கட்சி பா.ஜ.க.வோடு கூட்டணி. ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கும் மூன்று பகுதிகள் நான்கு வார இடைவெளிக்குள் மூன்று வேறு கட்சிகளைத் தேர்ந்தெடுத்தன. கிருஷ்ணகிரியில் ஜெயித்த கோபிநாத் நாடாளுமன்றத்தில் உறுதிமொழி எடுத்தது தெலுங்கில்! தெலுங்கு பேசும் குடும்பங்கள் நிறைந்த வேப்பனஹள்ளியும் தெலுங்கு தேசத்தின் குப்பமும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். ஆனால் ஓட்டு ஒன்றாகப் போகவில்லை. மாநிலத்து அரசியல், அங்கே யார் முதலமைச்சர், எந்தக் கட்சிக்கு அந்த ஊரில் ஆள் இருக்கிறது, இதெல்லாம் வீட்டுமொழியைவிடப் பலமாக இழுக்கிறது.

காவிரிப் பிரச்சினை வரும்போதெல்லாம் அத்திப்பள்ளியில் வண்டிகள் நிற்கும், வாட்டாள் நாகராஜ் தலைமையில் கன்னட அமைப்புகள் கூடும், இரண்டு பக்கத்துப் பேருந்துகளும் எல்லையோடு திரும்பும். கிருஷ்ணகிரி எம்.பி.யாக இருந்த வாழப்பாடி ராமமூர்த்தி காவிரிக்காக மத்திய அமைச்சர் பதவியையே விட்டவர். இத்தனைக்கும் நடுவில் ஒரு விஷயம் தெரியுமா? ஓசூர்க்காரரின் இடது ஆள்காட்டி விரலில் வைக்கும் அந்த அழியாத மை மைசூரில் தயாராகிறது! கர்நாடக அரசுக்குச் சொந்தமான மைசூர் பெயிண்ட்ஸ் அண்ட் வார்னிஷ் நிறுவனம் 1962-ல் இருந்து இந்தியா முழுக்க அனுப்புகிறது. நகத்தின் மேல் இருந்து தோல் வரைக்கும் ஒரு கோடு, முதலில் ஊதா, கொஞ்ச நேரத்தில் கறுப்பு. நகம் வளர்ந்து வெளியே தள்ளும் வரை போகாது. வாக்குப்பதிவு இயந்திரமோ பெங்களூருவின் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்திலும் ஹைதராபாத்தின் இ.சி.ஐ.எல். நிறுவனத்திலும் பிறக்கிறது. பட்டனை அழுத்தியதும் பக்கத்துக் கண்ணாடிக்குள் ஏழு விநாடி தெரிந்து விழும் துண்டுச் சீட்டை அச்சிடும் இயந்திரமும் அங்கேதான் பிறக்கிறது. கன்னட மண்ணின் மையும் இயந்திரமும் தமிழ்நாட்டு ஓட்டைக் காக்கின்றன!

சரி, அமெரிக்க முடிவுக்கும் ஓசூருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். 2020-லும் 2024-லும் கமலா ஹாரிஸுக்காகத் திருவாரூர் மாவட்டத் துளசேந்திரபுரத்தில் பூஜை நடந்தது எல்லாருக்கும் தெரியும். ஆனால் அந்த முடிவு பணமாகவும் வேலையாகவும் வந்து தொட்டது இந்த மாவட்டத்தை! 2024 நவம்பரில் டிரம்ப் ஜெயித்தார். நாடு முழுக்க அவருக்குக் கிடைத்தது 50 சதவீதத்துக்குக் கொஞ்சம் கீழே. 2025 ஏப்ரல் 2-ல் உலகத்துக்கே வரி அறிவித்தார். ஆகஸ்ட் 27-ல் இந்தியப் பொருள்களுக்கு அது 50 சதவீதமானது. நெடுஞ்சாலையில் ஒரே ஒரு கிரானைட் பாளத்தை இரும்புச் சங்கிலியால் கட்டிக்கொண்டு டிரெய்லர் ஊர்ந்து போவதைக் கிருஷ்ணகிரிக்காரர்கள் தினமும் பார்ப்பார்கள். இந்த மாவட்டத்துக் கிரானைட் அறுத்து மெருகேறி அமெரிக்கச் சமையலறை மேடைவரை போகிறது. அதற்கு அப்போது வரி விழுந்தது. அதே ஓசூர் அருகே டாடா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான பெண்கள் ஐபோன் பாகங்கள் செய்கிறார்கள். ஸ்மார்ட்போனுக்கோ அப்போது வரிவிலக்கு கிடைத்தது! ஒரே மாவட்டத்தில் கல்லுக்கு வரி, போனுக்கு விலக்கு.

அந்த விலக்கு வந்த தேதியைக் கேட்டால் இன்னும் ஆச்சரியப்படுவீர்கள். 2025 ஏப்ரல் 11. அதே ஏப்ரல் 11-ல்தான் சென்னையில் அமித் ஷாவும் எடப்பாடி பழனிசாமியும் பக்கத்தில் உட்கார்ந்து அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் மறுபடி கூட்டணி என்று அறிவித்தார்கள். கிருஷ்ணகிரியின் 5,14,522 என்ற அந்தக் கூட்டலைப் பிடித்துக்கொண்டு நாற்காலிக் கனவு காண ஒரு காரணம் கிடைத்த நாளும், ஓசூர் ஷிப்டுக்கு மூச்சு வந்த நாளும் ஒன்று!

இப்போது எல்லாவற்றையும்விட எனக்குப் பெரிதாகப் படுவது. ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்ட் விடும் நேரத்தில் கேட்டுக்கு வெளியே நின்று பாருங்கள். ஒடியா, போஜ்புரி, வங்காளம் எல்லாம் காதில் விழும். இத்தனை அலசலிலும், இத்தனை வெற்றி தோல்விக் கணக்கிலும், அவர்களில் பெரும்பாலோர் கிடையாது. ஓட்டு ஊரில் இருக்கிறது. ஓட்டுப் போட வேண்டுமானால் இரண்டு மூன்று நாள் ரயில், சம்பள வெட்டு. 2023 ஜனவரியில் தேர்தல் ஆணையம் ஒரு இயந்திரத்தைக் கட்சிகளுக்குக் காட்ட ஏற்பாடு செய்தது. ஒரே சாவடியில் இருந்து 72 தொகுதிகளுக்கு ஓட்டுப் போடலாம் என்றார்கள். பல கட்சிகள் ஒத்துக்கொள்ளவில்லை, அது அங்கேயே நின்றது.

அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலம் 1997-ல் ஒரு சட்டம் போட்டது தெரியுமா? விண்வெளியில் இருப்பவரும் ஓட்டுப் போடலாம்! அதே வருடம் டேவிட் உல்ஃப் என்ற விண்வெளி வீரர், ரஷ்யாவின் மிர் நிலையத்தில் மிதந்துகொண்டே தன் ஊர்த் தேர்தலில் வாக்களித்தார். பூமியைச் சுற்றிக்கொண்டிருந்தவரின் ஓட்டு எண்ணப்பட்டது. ஓசூரில் இருந்து பீகாரின் கயாவுக்கு ஒரு ஓட்டு இன்னும் போகவில்லை.

ஆனால் சட்டம் கதவை முழுசாகச் சாத்தவில்லை, அதுதான் பலருக்குத் தெரியாது! இந்தியாவில் ஓட்டு பிறந்த ஊரைப் பார்ப்பதில்லை, வழக்கமாக எங்கே வசிக்கிறார் என்பதைப் பார்க்கிறது. ஓசூரில் வாடகை அறையிலோ தொழிலாளர் விடுதியிலோ தங்கியிருக்கும் 18 வயது நிரம்பிய எந்த இந்தியரும், முதல்முறை என்றால் படிவம் 6, ஊரில் ஏற்கனவே பெயர் இருந்தால் இடமாற்றத்துக்கான படிவம் 8 கொடுத்து ஓசூரிலேயே வாக்காளர் ஆகலாம்; இரண்டு இடத்தில் பெயர் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். வீட்டுக்காரர் வாடகை ரசீது கொடுக்க மறுத்தால்? வீடே இல்லாதவர்களுக்குக்கூட ஆணையம் வழி வைத்திருக்கிறது: வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகளில் போய், அவர் சொன்ன இடத்தில்தான் தூங்குகிறாரா என்று நேரில் பார்த்தால் போதும். முகவரிச் சான்று கேட்கக்கூடாது. பேருந்து நிலையத் திண்ணையில் படுப்பவருக்கே அந்த உரிமை இருக்கும்போது, சிப்காட் அறையில் ஆறு பேராகப் படுப்பவருக்கு ஏன் இருக்காது? அவர்களும் பட்டியலில் ஏறட்டும், அப்புறம் வரட்டும் கட்சிகள் ஓசூர் முடிவுக்குப் பொருள் சொல்ல!